பல்லை எடுத்தார்கள், ருசியும் போனது! – வாசகர் கேள்வி பதில்

பல் சிகிச்சைக்குப் பிறகு வாயில் ருசி மாறிவிட்டது என்று நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பக்கமிருந்தும் வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு எங்கள் பல் மருத்துவக் குழு பதில் அளிக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையில் லிக்கர் (பால், சர்க்கரை சேர்க்காமல் வடித்த டீச்சாறு) ருசி பார்ப்பது என் வேலை. ஏழு வாரத்துக்கு முன் வலது பக்கக் கீழ் ஞானப்பல்லை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நாக்கின் வலது பாதி இன்னும் மரத்தே கிடக்கிறது. டீயை உறிஞ்சினால் அந்தப் பக்கம் இரும்பை நக்கியது போல இருக்கிறது. துவர்ப்பு சுத்தமாகத் தெரியவில்லை. இது சரியாகுமா, வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதானா?
– வாசகர், கோத்தகிரி

வேலையை விடும் பேச்சு இப்போது வேண்டாம். இந்த மாதிரிப் பாதிப்புகளில் பெரும்பாலானவை 3 முதல் 6 மாதத்துக்குள் தாமாகவே தேறிவிடுகின்றன. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் காத்திருப்பதும் தவறு. சில நரம்புகளுக்குப் பழுது பார்க்க வேண்டியிருக்கும், அதற்குக் காலக்கெடு உண்டு.

கீழ் ஞானப்பல்லின் உள்பக்கத்தில், எலும்பை ஒட்டியபடி, நாக்கு நரம்பு ஓடுகிறது. சிலருக்கு அது எலும்பைத் தொட்டுக்கொண்டே போகும். சிலருக்கு எலும்பு விளிம்புக்கு மேலேயே, ஈறுக்குள் கிடக்கும். பல்லைத் துண்டாக்கும்போதோ, ஈறை விலக்கிப் பிடிக்கும்போதோ, தையல் போடும்போதோ அது நசுங்கலாம், இழுபடலாம். மரத்துப்போக ஊசி போடும்போதே முனை பட்டுவிடுவதும் உண்டு. இந்த நாக்கு நரம்போடு சேர்ந்தே, முக நரம்பிலிருந்து பிரிந்து வரும் மெல்லிய சுவை நரம்பும் பயணம் செய்கிறது. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடு உணர்வைக் கொடுப்பது முதலாவது. சுவையைக் கொடுப்பது இரண்டாவது. இரண்டும் ஒரே உறைக்குள் போவதால் ஒன்றாகவே அடிபடுகின்றன.

உங்களுக்குத் துவர்ப்பு போனதற்குக் காரணமும் இதுதான். நாம் ஆறு சுவை என்று சொன்னாலும் அவற்றில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கைத்தான் சுவை மொட்டுகள் பிடிக்கின்றன. துவர்ப்பு என்பது வாயின் ஈரத்தோல் சுருங்கி வறண்டது போன்ற உணர்வு. காரம் என்பது எரிச்சல். இரண்டையும் மூளைக்குக் கொண்டுபோவது முக்கியமாகத் தொடு உணர்வு நரம்பு. தேயிலை லிக்கரில் நீங்கள் தேடும் சுறுசுறுப்பும் கெட்டித்தன்மையும் பெரும்பாலும் அந்த உணர்வுதான். ஆகவே மரத்த பக்கத்தில் டீ சப்பென்று ஆவது எதிர்பார்க்கக்கூடியதே.

இரும்பு ருசி எங்கிருந்து வருகிறது? முன்பக்கச் சுவை நரம்பிலிருந்து வரும் தகவல் குறைந்தால், நாக்கின் பின்பக்கத்துக்கான வேறு நரம்பின் தகவல் மூளையில் மேலோங்குகிறது என்று விளக்குகிறார்கள். நரம்பு தேறிவரும் காலத்தில் தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்புவதாலும் இல்லாத ருசி தோன்றும். ஒரு பக்கச் சுவை போனதைப் பலர் கவனிப்பதே இல்லை, மற்றப் பக்கம் ஈடுகட்டிவிடும். இப்படிப் பொய் ருசி வந்தால்தான் ஆளை வாட்டும்.

இப்போது செய்ய வேண்டியது, வீட்டிலேயே ஒரு சோதனை. மருத்துவரிடம் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று சொல்வதைவிட இந்தச் சோதனைத் தாள் பத்து மடங்கு உதவும்.

நான்கு டம்ளர் எடுங்கள். ஒன்றில் 100 மி.லி. தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. அடுத்ததில் அதே அளவு தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு ஒரு பங்கும் தண்ணீர் நான்கு பங்கும். நான்காவதில் பால், சர்க்கரை சேர்க்காத கெட்டி காபி டிகாக்‌ஷன். ஐந்தாவதாக வெறும் தண்ணீரும் இருக்கட்டும், நீங்கள் யூகித்துச் சொல்வதைப் பிடிக்க அது தேவை. எல்லாமே அறைச்சூட்டில் இருக்க வேண்டும். ஒரு தாளில் ஐந்து பெயர்களையும் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நாக்கை வெளியே நீட்டி அப்படியே வையுங்கள். வீட்டில் ஒருவர் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஏதாவது ஒரு டம்ளரில் நனைத்து, நாக்கு நுனியிலிருந்து சுமார் 2 செ.மீ. பின்னால், ஓரத்தில் தடவட்டும். நாக்கை உள்ளே இழுக்காமல் தாளில் விரலால் காட்டுங்கள். உள்ளே இழுத்துவிட்டால் மறுபக்கமும் அண்ணமும் ருசித்துவிடும், சோதனை வீண். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் விடுங்கள். கசப்பு நெடுநேரம் தங்கும் என்பதால் அதைக் கடைசியில் வையுங்கள். இரண்டு பக்கமும் இப்படிச் செய்யுங்கள்.

அடுத்தது தொடு உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சை நூலாகத் திரித்து நாக்கின் மேல் இழுக்கச் சொல்லுங்கள். முன்னிருந்து பின்னா, பின்னிருந்து முன்னா என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். மரத்த இடத்தின் எல்லையைக் கண்ணாடியில் பார்த்து ஒரு நாக்குப் படத்தில் பென்சிலால் வரையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், புதுத் தாளில் வரையுங்கள்.

தொடு உணர்வும் சுவையும் ஒரே பக்கம் குறைந்திருந்தால் நாக்கு நரம்பு. தொடு உணர்வு சரியாக இருந்து சுவை மட்டும் ஒரு பக்கம் போயிருந்தால் காதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தச் சுவை நரம்பு செவிப்பறையை ஒட்டி நடுக்காது வழியாகத்தான் வருகிறது. இரண்டு பக்கமும் எல்லாச் சுவையும் மங்கியிருந்தால் மருந்து, வாய் வறட்சி, உடல்நிலை. நான்கு சுவையும் சரியாகத் தெரிந்தும் சாப்பாடு மட்டும் சக்கையாக இருந்தால் சிக்கல் மூக்கில். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு வர்க்கியை மெல்லுங்கள், பிறகு மூக்கை விடுங்கள். விட்டதும் வாசம் குபீரென்று ஏறவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகலாம்.

காலக் கணக்கு இதுதான். அறுபட்ட நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். ஞானப்பல்லிலிருந்து நாக்கு நுனி வரை 6, 7 செ.மீ. தூரம். அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆவது இயல்பே. வெறுமனே நசுங்கியிருந்தால் சில வாரத்திலேயே திரும்பும். எறும்பு ஊர்வது போல, சுரீரென்று மின்சாரம் பாய்வது போல இருந்தால் நல்ல அறிகுறி. மரத்த எல்லை படத்துக்குப் படம் சுருங்கினால் காத்திருக்கலாம். ஒரு மாதமாகியும் தொட்டால் துளியும் தெரியவில்லை என்றாலோ, தொட்டாலே எரிச்சலும் வலியும் என்றாலோ காத்திருக்காமல் வாய், தாடை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. பஞ்சு இழுப்பதே தெரியவில்லை என்றால் இந்த வாரமே கோவை புறப்படுங்கள். மூன்று மாதத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் நரம்பைத் திறந்து பார்த்து இணைப்பது பற்றி முடிவெடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடப் பலன் குறையும். அந்த அறுவையில் தொடு உணர்வு திரும்பும் அளவுக்குச் சுவை திரும்புவதில்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மெத்தில்கோபாலமின் (வைட்டமின் பி12 வகை) மாத்திரை எழுதித் தந்திருப்பார்கள். சாப்பிடலாம், கெடுதல் இல்லை. அதுதான் நரம்பை வளர்க்கிறது என்று நம்பிச் சோதனைத் தாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மரத்த நாக்கு கடிபடும், சுடும், உங்களுக்குத் தெரியாது. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் நாக்கைப் பொசுக்க அது தாராளம். உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். முள் மீனைத் தள்ளிவையுங்கள். இரவில் கண்ணாடியில் நாக்கின் ஓரத்தைப் பாருங்கள், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் காட்டுங்கள். தொழிற்சாலையில் இடது பக்கமாக லிக்கரைச் சுழற்றிப் பார்ப்பது பலன் தரும், ஆனால் துவர்ப்பு பற்றிய முடிவை இன்னொருவரும் சரிபார்க்கட்டும். பல் எடுக்கவிருக்கும் மற்ற டேஸ்டர்களுக்கு ஒரு வார்த்தை: சர்ரென்று உறிஞ்சித் துப்புவது முதல் வாரத்தில் கூடவே கூடாது. பல் இருந்த குழியின் ரத்தக்கட்டி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ஈறு ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையும் மவுத்வாஷும் தந்தார்கள். பத்து நாளாக நாக்கு செத்தே போய்விட்டது. சாம்பாரில் எவ்வளவு உப்பு போட்டாலும் பற்றவில்லை என்று தோன்றுகிறது, வீட்டுக்காரர் கரிக்கிறது என்கிறார். பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது. நரம்பு போய்விட்டதா?
– வாசகி, உதகை

நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மருந்துகளின் வேலை. இரண்டு குற்றவாளிகள் இருக்கிறார்கள்.

மாத்திரை மெட்ரோனிடசோலாக இருக்கும் என்று நினைக்கிறோம். வழக்கமாக 400 மி.கி., நாளைக்கு மூன்று வேளை. அது எச்சிலில் கலந்து வாயில் உலோக ருசியைத் தரும், நாக்கில் மாவு படியும், சிறுநீரும் கறுக்கலாம். மாத்திரை முடிந்த சில நாளில் போய்விடும், இதற்காகப் பாதியில் நிறுத்த வேண்டாம். மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் முடிந்து இரண்டு நாள் வரையிலும் மது கூடாது. அரிஷ்டங்களிலும் மது உண்டு, அதை மருந்துதானே என்று நினைத்துக் குடித்துவிட்டு வாந்தியும் படபடப்புமாக வருபவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மவுத்வாஷ் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்றால், உப்பு பற்றாதது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். குறிப்பாக உப்புச் சுவையை அது மங்கவைக்கும். இதை நிறுத்தும் வரை நாக்கை நம்பி உப்பு போடாதீர்கள், அளவுக்கரண்டியை நம்புங்கள். வீட்டில் ரத்தக்கொதிப்புக்காரர் இருந்தால் இது விளையாட்டான விஷயம் அல்ல. அளவு 10 மி.லி., ஒரு நிமிடம், காலை இரவு இரண்டு வேளை. சாப்பிட்ட பிறகு, பல் துலக்கி அரை மணி நேரம் கழித்து. பேஸ்ட்டில் உள்ள நுரை தரும் பொருள் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அந்த இடைவெளி. கொப்பளித்தவுடன் தண்ணீர் விட்டு அலசினால் கசப்பு கூடும், மருந்தும் போய்விடும். பழுப்புக் கறை டீ, காபியால் கெட்டிப்படும். நாளைக்கு ஐந்தாறு டீ குடிக்கும் ஊட்டிக் குளிரில் அது வேகமாகவே படியும். பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும், பல் கெட்டுவிடவில்லை. மருத்துவர் வேறு சொல்லாத வரை இரண்டு வாரத்தோடு நிறுத்துங்கள். நிறுத்திய பின் சில நாட்களில் உப்பு உப்பாகத் தெரியும். மூன்று வாரம் தாண்டியும் தெரியாவிட்டால் மேலே சொன்ன பஞ்சுக்குச்சிச் சோதனையைச் செய்துபார்த்துவிட்டு எழுதுங்கள்.

கீழ்ப்பல் எடுத்து மூன்று நாள். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தேன். நேற்றிலிருந்து காது வரை குத்துகிறது, வாயில் அழுகிய ருசி. அம்மாச்சி மலைப்பூண்டை நசுக்கி வைக்கச் சொல்கிறார்கள். கிராம்பு எண்ணெயும் இருக்கிறது. எது நல்லது?
– வாசகர், கொடைக்கானல்

இரண்டும் வேண்டாம். பச்சைப் பூண்டு வாயின் ஈரத்தோலைப் பொசுக்கும், கொடைக்கானல் மலைப்பூண்டு காரத்திலும் மணத்திலும் பேர்பெற்றது, ரசத்தோடு நிற்கட்டும். கலக்காத கிராம்பு எண்ணெயும் திறந்த எலும்பில் பட்டால் புண்ணாக்கும்.

உங்களுக்கு ‘உலர் குழி’ ஏற்பட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. பல் எடுத்த குழியை மூடியிருக்க வேண்டிய ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், எலும்பு வெளியே தெரிகிறது. இரண்டு முதல் நான்கு நாளில் திடீரென்று வலி ஏறுவது இதன் அடையாளம். புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் அதிகம் வரும். மருத்துவர் குழியை உப்புநீரால் கழுவி, கிராம்புச் சத்து அளவாகக் கலந்த மருந்தை வைப்பார். பெரும்பாலும் அன்றே வலி அடங்கும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றிவைக்க வேண்டியிருக்கும். ஒன்று, இரண்டு வாரத்தில் குழி மூடும்போது கெட்ட ருசியும் போகும். இதற்கு ஆன்டிபயாட்டிக் பொதுவாகத் தேவையில்லை.

போய்ச் சேரும் வரை: 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும். வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துத் தானாக வழிய விடுங்கள். காய்ச்சல், தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் – இவற்றில் ஒன்று வந்தாலும் அது உலர் குழி அல்ல, தொற்று பரவுகிறது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள், அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

மேல் கடைவாய்ப்பல் எடுத்தபின் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. குனிந்தால் உப்புக்கரிக்கும் கெட்ட நீர் வாயில் இறங்குகிறது. வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் போய்வர வேண்டிய வேலை.
– வாசகர், குன்னூர்

மேல் கடைவாய்ப்பல்லின் வேருக்கும் கன்ன எலும்பின் காற்றறைக்கும் நடுவே சிலருக்கு மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கும். அதில் துளை விழுந்திருக்கிறது. 2 மி.மீ.க்குக் குறைந்த துளை பெரும்பாலும் தானே மூடும், பெரிய துளையை ஈறை இழுத்துத் தைக்க வேண்டும். வாரக்கணக்கில் விட்டால் துளை ஓரத்தில் தோல் படர்ந்து நிரந்தர வழியாகிவிடும். ஆகவே உடனே காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா, புகை, பலூன் ஊதுவது எதுவும் கூடாது. பர்லியார் வளைவுகளில் இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதித் திறப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், அந்த அழுத்தம் மூடத் தொடங்கிய துளையைப் பிய்த்துவிடும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். முடிந்தால் இரண்டு வாரம் மலையை விட்டு இறங்காமலேயே இருங்கள்.

அம்மாவுக்கு வயது 68. மேலே முழுப் பல்செட் கட்டியதிலிருந்து எதுவும் ருசிக்கவில்லை என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்.
– வாசகி, கூடலூர்

அண்ணத்திலும் சுவை மொட்டுகள் உண்டு, பல்செட்டின் தகடு அதை மூடிவிடுகிறது. சூடும் உணவின் சொரசொரப்பும் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய இழப்பு. நாலைந்து வாரத்தில் நாக்கு பழகிக்கொள்ளும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள், புது பிளாஸ்டிக் வாடையும் குறையும். குளிருக்காக வெந்நீரில் போட்டால் செட் வளைந்துவிடும். உப்பைக் கூட்டாமல் சீரகம், கொத்தமல்லி, எலுமிச்சை என்று மணத்தைக் கூட்டிச் சமையுங்கள். அண்ணம் சிவந்து எரிந்தாலோ, துடைத்தால் வெள்ளையாக உரிந்துவந்தாலோ பூஞ்சைத் தொற்று, அதற்கு மருந்து வேறு. அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? அதுவும் உலோக ருசி தரும். ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் அப்படியே. நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ருசி போனதற்கு மருந்துக் கடையில் துத்தநாக மாத்திரை தந்தார்கள். எவ்வளவு நாள் சாப்பிடலாம்?
– வாசகர், பண்ணைக்காடு

உடலில் துத்தநாகம் குறைந்தவர்களுக்கு உதவும். அடிபட்ட நரம்பை அது ஒட்டவைக்காது. மருத்துவர் சொன்னால் நாளைக்கு 20 மி.கி. அளவில் சில வாரம் பார்க்கலாம். நாளைக்கு 40 மி.கி.க்கு மேல் நீண்டகாலம் சாப்பிட்டால் உடலில் தாமிரம் குறையும், அதனால் ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். ருசிக்காகச் சாப்பிட்டு நரம்பைக் கெடுத்துக்கொள்வானேன்?

அடுத்த மாதம் ஞானப்பல் எடுக்கிறேன். ‘எக்ஸ்ரேயில் நரம்பு தள்ளித்தான் இருக்கிறது, பயமில்லை’ என்றார் டாக்டர். நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகர், தாண்டிக்குடி

டாக்டர் சொன்னது கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பைப் பற்றி. அது அடிபட்டால் கீழ் உதடும் முகவாயும் மரக்கும், ருசி போகாது. ருசிக்குப் பொறுப்பான நாக்கு நரம்பு எலும்புக்கு வெளியே, சதைக்குள் இருக்கிறது. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயிலும் தெரியாது, முப்பரிமாண ஸ்கேனிலும் தெரியாது. நிரந்தரப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவே, ஆனால் படத்தைப் பார்த்து அது இல்லை என்று உறுதி சொல்ல முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள்: இந்தப் பல்லை இப்போது எடுத்தே ஆக வேண்டுமா? சீழ், சொத்தை, பக்கத்துப் பல்லுக்குச் சேதம் ஏதாவது இருக்கிறதா? ஒரு தொந்தரவும் இல்லாத பல்லை ‘எதற்கும் எடுத்துவிடலாம்’ என்று எடுப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. எடுக்கத்தான் வேண்டும் என்றால், உள்பக்க ஈறைத் திறப்பார்களா, வெளிப்பக்கத்தோடு நிறுத்துவார்களா என்று கேளுங்கள். பல் எலும்புக்குள் படுத்துக் கிடந்தால் திண்டுக்கல் அல்லது மதுரை சென்று வாய், தாடை அறுவை நிபுணரிடமே செய்துகொள்ளுங்கள். ஊசி போடும்போது நாக்கில் மின்சாரம் பாய்ந்தது போல இருந்தால் உடனே கையை உயர்த்துங்கள், அவர் ஊசியைச் சற்று வெளியே இழுத்து இடம் மாற்றிப் போடுவார். அறுவைக்கு முந்தைய நாளே பஞ்சுக்குச்சிச் சோதனையை ஒருமுறை செய்து தாளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஏதாவது ஆனால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட வேறு ஆதாரம் கிடைக்காது. மறுநாள் காலை ஊசியின் மரப்பு விட்டிருக்க வேண்டும். அப்போதும் நாக்கு மரத்திருந்தால் தையல் பிரிக்கும் நாள் வரை காத்திராமல் அன்றே போன் செய்து சொல்லுங்கள். ஸ்டீராய்டு மருந்து தருவதாக இருந்தால் அதற்கு முதல் சில நாட்கள்தான் நேரம்.